வாசிக்கக் கூடாத சீட்டு

அந்தச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் டீ கிளாசை வைத்திருந்தேன். கிளாசின் அடியில் இருந்த ஈரம் தாளில் வட்டமாக ஊறி, மறுபக்கம் எழுதியிருந்த மை லேசாகத் தெரிந்தது. தெரியக் கூடாதே என்று கிளாசை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். யாருக்குத் தெரியப் போகிறது? ரேடியோ ஸ்டுடியோவுக்குள் நான் ஒருத்தன்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் எடுக்கிற கவிதா. அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் நகர்த்தினேன்.

சீட்டில் இரண்டே வரி. "பேச்சிமுத்து அப்பா. நேற்று மத்தியானம்." அதற்குக் கீழே அழுத்தி இரண்டு கோடு போட்டு, "வாசிக்கக் கூடாது."

காலை ஏழே முக்கால். செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே, மூன்றாவது மாடி. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் அது நனைந்த கம்பளி மாதிரி வாடை அடிக்கும். அன்றைக்கும் அந்த வாடை. கீழே இருந்து பல் ராவுகிற மெஷின் சத்தம்.

வாரா வாரம் எழுதுகிற இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்தே இந்தக் காலையைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கோயில் மைக்கைப் பற்றி எழுதினேன், கேபிள் டிவியைப் பற்றி எழுதினேன், மாட்டுங்காவில் நடந்த பட்டிமன்றத்தைப் பற்றி இரண்டு வாரம் இழுத்தேன். இனிமேல் தள்ள முடியவில்லை.

குரலுக்குத் தெரியாதது

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தோல் பதனிடுகிற இடத்தில் அப்பாவுக்குக் கால் போனது, நான் அவருடைய இடத்துக்குப் போனேன். அவ்வளவுதான், அதில் கதை ஒன்றும் இல்லை. தாராவியில் அம்மன் கொடைத் திருவிழாவில் மைக் பிடித்து, "பச்சைச் சட்டை போட்ட பிள்ளை மேடைக்குப் பக்கத்துல நிக்கான், தாய் தகப்பன் வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதுதான் என் முதல் ஒலிபரப்பு.

அதைக் கேட்டவர்கள் சொன்னார்கள், உன் குரலைக் கேட்டால் ஒரு தெம்பு வருகிறது என்று. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் மைக்குக்குப் பின்னால் நான் அந்தப் பிள்ளையின் தாய் வரவே மாட்டாளோ என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். என் குரலுக்கு என் சுபாவம் தெரியாது. நாற்பது வருடமாக இரண்டும் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன, ஒன்றுக்கு ஒன்று அறிமுகமே இல்லை.

சுபாவம் என்னவென்றால் கவலை. கேஸை மூடிவிட்டு மறுபடியும் போய்ப் பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிக்னல் வரை நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுப்பேன். என் மனைவி புஷ்பம் சொல்வாள்:

"போதும் விடுங்க. நீங்க இழுக்கிற இழுப்புல பூட்டே பயந்து தொறந்துக்கிடப் போவுது."

ரேடியோவில் என் பெரிய கவலை, மௌனம். பேச்சு நின்றால் கேட்கிறவர் போய்விடுவார் என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். ஒருமுறை இருமல் வந்து நாலு விநாடி நின்றுவிட்டேன். மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அன்றையிலிருந்து லைன் திறந்ததும் கூப்பிட்டவர் வாய் திறப்பதற்குள் நான் பேசிவிடுவேன். "சொல்லுங்க தாயி", "வாங்க மாப்ள", ஏதாவது. இடைவெளி விழவே விடமாட்டேன். அதைத் திறமை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒரு அம்மாள் கூப்பிட்டு, குழாயில் தண்ணீர் வராததில் தொடங்கி மருமகன் குடிப்பது வரை சொல்லி அழுதாள். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நேரமும் முடிந்துவிட்டது. "எல்லாம் சரியாயிரும் தாயி" என்று சொல்லி வைத்தேன். அது பிடித்துப் போய், தினமும் ஒன்பது மணிக்கு நிகழ்ச்சியை அதைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. "எல்லாம் சரியாயிரும்." சட்டையில் கூட அச்சடித்து ஒருமுறை கொடுத்தார்கள். எதுவும் சரியாகும் என்று நான் ஒருநாளும் நம்பினதில்லை.

துஷ்டி

எட்டரை மணிக்கு ஐந்து நிமிடம் துஷ்டி வாசிப்பேன். திருநெல்வேலிப் பக்கத்தில் சாவு காரியத்தைத் துஷ்டி என்போம். ஊரில் யார் போனாலும் தாராவியில் அந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும், துஷ்டி கேட்கப் போக வேண்டும். எங்கள் ரேடியோ இந்தச் சுற்று வட்டாரத்துக்குத்தான் கேட்கும் என்றாலும், இப்போது போனில் எங்கிருந்தும் கேட்கலாம்.

வாசிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு விதி உண்டு. துஷ்டி நோட்டில் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் போட்டு, "சொல்லியாச்சா?" என்று எழுதியிருப்பேன். பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று இரண்டு பேரிடமாவது போனில் கேட்ட பிறகுதான் டிக் போடுவேன். ஏனென்றால் எங்கள் ஆட்கள் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சாவைச் சொல்ல மாட்டார்கள். "சீரியஸா இருக்கு, கிளம்பி வா" என்பார்கள். வீட்டு வாசலுக்கு வந்து பந்தலைப் பார்க்கிற வரை அவன் தகப்பனோ தாயோ உயிரோடு இருக்க வேண்டும். ரயிலில் தனியாக உட்கார்ந்து அவன் அழக் கூடாது. அதற்காகப் பத்து வீடு, நூறு வீடு சேர்ந்து பொய் சொல்லும்.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு, நான் செருப்பைக் கழற்றும்போதே போன். பேச்சிமுத்துவின் தாய்மாமன் சங்கரபாண்டி.

"அண்ணாச்சி, மச்சான் நேத்து மத்தியானமே போய்ச் சேந்துட்டாரு. பயகிட்ட சொல்லல. சீரியஸா இருக்குன்னு சொல்லி சாயந்தரம் தாதர்ல ரயிலேத்தி விட்டுட்டோம்."

"ப்ளேன்ல அனுப்பியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"ப்ளேன்ல போன்னு சொன்னா அவனுக்கு வெளங்கிராதா? ரயில்னா ஒரு நம்பிக்கை இருக்கும். அங்கன ஐஸ் பெட்டி சொல்லியாச்சு, நாளைக் காலையில போய்ச் சேந்துருவான்." குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு துஷ்டியில மச்சான் பேரு வந்துரக் கூடாது. அந்தப் பய போன்ல ஒங்க பேச்சத்தான் கேட்டுக்கிட்டுப் போவான்."

"வராது. நான் பாத்துக்கிடுதேன்."

"ஊர் வாட்ஸப் குரூப்ல கூட ஒருத்தனும் போடல. அத்தன பேருகிட்டயும் சொல்லி வச்சிட்டேன். நீங்க ஒராளுதான் பாக்கி."

போனை வைத்ததும் சீட்டு எழுதினேன். எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் எழுதி வைக்காததெல்லாம் வாயில் வந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம். எழுதினேன், கோடு போட்டேன், கவிழ்த்தேன், கிளாசை வைத்தேன்.

கவிதாவிடம் சொல்லவில்லை. அவள் செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர் வீட்டுப் பெண். நல்ல பெண். ஆனால் வாய் தவறிவிடுவாளோ என்று பயந்தேன். பயந்தது அவள் வாயை.

சாத்துக்குடி

இந்தப் பொய்யின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மா போனபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் இருக்கும். பக்கத்து வீட்டு போனுக்குத் தகவல் வந்தது: வயிற்று வலி, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போ.

மாட்டுங்கா மார்க்கெட்டில் இறங்கி ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கினேன். பேரம் பேசி வாங்கினேன். அழுத்திப் பார்த்து, தோல் மெலிசாக இருப்பதாகப் பொறுக்கினேன். அம்மாவுக்குப் பல் கிடையாது, சாறு நிறைய இருக்க வேண்டும். ரயிலில் அந்த வலைப் பையை மடியில் வைத்துக்கொண்டே போனேன். எதிரே இருந்த மராட்டிக்காரர் எடுத்துக்கொள்ளலாமா என்று விளையாட்டாகக் கேட்டார். "ஆயிக்கு" என்றேன், மராட்டியில் அம்மாவுக்கு என்று. அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

முப்பத்தாறு மணி நேரம். அம்மா எப்படிச் சப்புக்கொட்டுவாள், இத்தனை விலை கொடுத்து வாங்கினாயா என்று எப்படித் திட்டுவாள் என்று யோசித்துக்கொண்டே போனேன். சாத்துக்குடி வெயிலில் சூடாகி, பெட்டி முழுக்க அந்த மணம்.

தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டது. பை கையிலிருந்து விழுந்ததா, யாராவது வாங்கிக்கொண்டார்களா, இன்றைக்கு வரை ஞாபகம் இல்லை.

அப்போது எல்லாரையும் திட்டினேன், ஏமாற்றிவிட்டீர்களே என்று. பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அம்மா செத்த பிறகும் முப்பத்தாறு மணி நேரம் அவளை எனக்கு உயிரோடு கொடுத்திருந்தார்கள். மடியில் சாத்துக்குடியோடு போன அந்தப் பயணத்தைப் போல நிம்மதியாக நான் எந்த ரயிலிலும் போனதில்லை. அதனால்தான் துஷ்டி நோட்டில் அந்தக் கட்டம்.

லைன் மூணு

பேச்சிமுத்து யார் என்று சொல்லவில்லையே. தாராவியில் டி-ஜங்ஷன் பக்கம் சின்னத் தையல் கடை வைத்திருப்பவன். நாற்பது வயதிருக்கும். வாரத்தில் நாலு நாள் கூப்பிடுவான். குறை சொல்லக் கூப்பிட மாட்டான், சிரிக்க வைக்கக் கூப்பிடுவான். "அண்ணாச்சி, நேத்து ஒங்க பேச்சக் கேட்டுக்கிட்டே தச்சதுல ஒரு சட்டைக்கு மூணு கை வச்சிட்டேன். ஒங்களுக்கு வேணுமா?" அவன் குரல் கேட்டாலே கவிதா காத்திருக்க வைக்காமல் நேராக எனக்குக் கொடுத்துவிடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான். விளம்பரம் முடிகிற நேரம். காதில் அவள் குரல்:

"அங்கிள், லைன் மூணு. பேச்சிமுத்து அங்கிள். ட்ரெய்ன்லேர்ந்து பேசறார்."

தலையை ஆட்டி வேண்டாம் என்றிருக்கலாம். ஆட்டுவதற்குள் விளம்பரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

"அண்ணாச்சி..." என்றான். பிறகு சிக்னல் போய்விட்டது போல. ஒன்றும் வரவில்லை. தடக் தடக்கென்று ரயில் மட்டும். ஒரு விநாடி. இரண்டு விநாடி.

மௌனம் விழுந்தால் என் வாய் தானாகத் திறக்கும். இத்தனை வருடம் அதை அப்படித்தான் பழக்கியிருந்தேன். என் கண் டீ கிளாசின் மேல் இருந்தது. கிளாசுக்குக் கீழே இருப்பதைத் தவிர வேறு எதுவும் என் தலையில் இல்லை.

"பேச்சிமுத்து," என்றேன், "மனசத் தேத்திக்கப்பா."

தகப்பனைப் பறிகொடுத்துக் கூப்பிடுகிற எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது அதுதான். அதே குரல், அதே இறக்கம். தாராவியில் அந்தக் குரலைக் கேட்டால் எந்த வீட்டில் சாவு என்று கேட்பார்கள்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்றான் பேச்சிமுத்து.

இப்போது யோசித்தால் எத்தனை பதில்! "அப்பாவுக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன், அதான்ப்பா." ஒரே வரி. பச்சைப் பிள்ளை கூடச் சொல்லும். அவனும், "ஆமா அண்ணாச்சி, அதுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்" என்றிருப்பான். அத்தோடு முடிந்திருக்கும்.

நான் பேசவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக மைக் முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

ஹெட்போனில் சாய் சாய் என்று ஒருவன் கத்திக்கொண்டு போனான். ஒரு குழந்தை அழுதது. சக்கரச் சத்தம் பாலத்தின் மேல் ஏறினது போல மாறி, மறுபடியும் பழையபடி ஆனது.

"அண்ணாச்சி," என்றான். குரல் சின்னதாகிவிட்டது. "எங்கப்பா இருக்காரா?"

அப்போதும் நான் பேசவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கவிதா எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து என்ன என்ன என்று கேட்டாள். லைன் தானாகவே அறுந்தது. அவள் கைக்குக் கிடைத்ததைப் போட்டாள். தங்க நகைச் சேமிப்புத் திட்டம், பின்னால் வீணை.

அதற்குப் பிறகு

சங்கரபாண்டி உடனே கூப்பிட்டார். ஏழு மணிக்கு நான் அவருக்கு அண்ணாச்சி. எட்டு மணிக்கு இல்லை.

"ஏல, வாசிக்காதன்னுதான சொன்னேன். நூறு வாய மூடுனேன். ஒன் ஒரு வாய மூட முடியலயே."

"நான் வாசிக்கல அண்ணாச்சி..." என்றேன். என்ன பேச்சு அது! இன்னும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பேச்சிமுத்துவுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. பிறகு போன் அணைந்துவிட்டது. அந்த ரயில் நாளைக் காலைதான் திருநெல்வேலி போகும். இன்னும் ஒரு பகலும் ஒரு இரவும் அவன் அதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து, இப்போது குண்டக்கல் வந்திருக்கும், இப்போது ரேணிகுண்டா வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு வழியாக எட்டிப் பார்ப்பானோ, படியில் நிற்பானோ என்று வேறு நினைப்பு. புஷ்பம் சோறு போட்டு வைத்துவிட்டுப் போனாள். கேஸை மூடினேனா என்று அன்றைக்கு ஒருமுறை கூட எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

யாரோ அந்தப் பேச்சுத் துண்டைப் பதிவு செய்து அனுப்பி, இரண்டு நாளில் அது எல்லாப் போன்களிலும் வந்துவிட்டது. "எங்கப்பா இருக்காரா?" அதற்குப் பின்னால் ரயில். யாரோ அதற்குச் சோக இசை வேறு சேர்த்திருந்தார்கள். என்னைத் திட்டக் கூப்பிட்டவர்களால் மூன்று லைனும் காலி ஆகவே இல்லை. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. போன் மினுக்குவதை மட்டும் பார்த்தார். "பஹுத் கால்ஸ் ஆ ரஹே ஹை அண்ணா, படியா!" என்று, நிறைய போன் வருவதைப் பாராட்டித் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லைன் கொடுத்திருக்க மாட்டேனே அங்கிள்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தையல் கடையில்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் திரும்பிவிட்டான் என்று தெரிந்து போனேன். போகவா வேண்டாமா என்று நாலு நாள் டி-ஜங்ஷன் வரை போய்த் திரும்பினேன்.

மொட்டைத் தலையோடு மெஷினில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

மூலையில் ஒரு அலுமினிய வாக்கர், வயதானவர்கள் பிடித்து நடப்பார்களே, அது நின்றது. அதன் மேல் தைத்து முடித்த சட்டைகளை மடித்துப் போட்டிருந்தான். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தான்.

"அப்பாவுக்கு வாங்கினது. சயான்ல ஒரு கடையில. ஒயரம் பாத்து, ரப்பர்லாம் நல்லாருக்கான்னு பாத்து வாங்கினேன்." சட்டையை ஒதுக்கிவிட்டுப் பிடியைத் தொட்டான். "சீட்டுக்கு அடியில போவல. மடியோட அணைச்சிப் பிடிச்சிக்கிட்டேதான் போனேன். நீங்க பேசினதுக்குப் பொறவும் வைக்க வேற எடம் இல்ல. போறவன் வாறவன்லாம் யாருக்கு யாருக்குன்னு கேட்டான்."

"என்னய மன்னிச்சிரு பேச்சிமுத்து."

"மன்னிக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி. வாய் தவறுததுதான். அதுல எனக்குக் கோவமே இல்ல." மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றினான். "ஆனா நான் கேட்டேம்லா, எதுக்குன்னு, அப்பா இருக்காரான்னு. ரெண்டு மட்டம் கேட்டேன். அப்பவாது ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? ஒங்களுக்கு வராததா? தெனமும் காலையில எங்க அத்தன பேத்துக்கும் எல்லாம் சரியாயிரும்னு சொல்லுதீங்க. அத மாதிரி இதயும் சொல்லியிருக்கலாம்."

நான் அந்த வாக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கடைப் பையனிடம் எனக்கு டீ வாங்கி வரச் சொன்னான். குடித்தேன். கிளம்பும்போது கேட்டேன், "நம்ம நிகழ்ச்சி கேக்கியாப்பா?"

"கேக்கேன். பழகிட்டுல்லா. கூப்பிடத்தான் மாட்டேன்." ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னான். "ஒம்பது மணிக்கு மட்டும் சத்தத்தக் கொறச்சிருவேன்."

அதற்குப் பிறகு ஒன்பது மணிக்கு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. வணக்கம் சொல்லி நிறுத்திவிடுவேன். இரண்டு நாள் பார்த்தார் மேனேஜர். மூன்றாம் நாள், பழைய பதிவிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்து, முடிவில் தானாக ஓடும்படி வைத்துவிட்டார்கள்.

இப்போது தினமும் அதுதான் நடக்கிறது. நான் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஹெட்போனில் என் குரல் வரும். பழைய குரல், துளிக் கவலை இல்லாத குரல். "எல்லாம் சரியாயிரும்."

அந்த நேரத்தில் தாராவியில் ஒரு கை தையலை நிறுத்திவிட்டுப் போன் பக்கம் நீளும். நானும் என் பக்கத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.